முட்டை நுரைக்கு ருசி பார்த்தவள்

என் வீட்டுக்காரர் ஒச்சப்பன் குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறது. விட்டார் என்று சும்மா சொல்லிவிட முடியாது. நான் விட வைத்தேன். குன்னூரில் எங்கள் லைன் வீடுகளுக்கு மேலே, தேயிலைக்கு நடுவே இருக்கிற முனீஸ்வரன் கோயிலுக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ண வைத்து, பூசாரி காளிமுத்து கையால் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்ட வைத்தேன்.

கயிறு கட்டியவன் குடிக்கக் கூடாது. இது எல்லாருக்கும் தெரியும். கூட வேலை செய்கிறவன் ஊற்றிக்கொடுத்தாலும் கையைத் தூக்கிக் காட்டினால் போதும், அதற்குமேல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஆனால் எங்கள் லைன் ஆம்பளைகள் இருக்கிறார்களே, சாமிக்கே வக்கீல் வைக்கிற ஆட்கள். சாயங்காலம் கயிற்றைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்க் குடிப்பார்கள். காலையில் பல் விளக்கிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்வார்கள். சாமி என்ன, ஆணியைப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருக்கும்?

இவர் அந்த வேலையைச் செய்யக் கூடாது என்றுதான், பூசாரி போட்ட முடிச்சுக்கு மேல் நானும் முடிச்சுகளைப் போட்டுப் பல்லால் கடித்து இறுக்கினேன். கத்திரிக்கோல் இல்லாமல் கழற்ற முடியாது.

"வலிக்குது புள்ள" என்றார்.

"வலிக்கட்டும்" என்றேன்.

எனக்கு இருந்த வயிற்றெரிச்சல் அப்படி. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு போய் விற்றுக் குடித்த மனுஷன். பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தவரை நான் எத்தனை தடவை தூக்கி வந்திருப்பேன், எனக்கே நினைவில்லை. கோயமுத்தூர் ஹாஸ்டலில் தங்கிப் படித்த என் மகள், லீவுக்கு வீட்டுக்கே வர மாட்டேன் என்றாள். கயிறு கட்டிய பிறகுதான் வந்தாள். அதனால் அந்தக் கயிறு எனக்குத் தாலி மாதிரி. அது அறுந்தால் இந்தக் குடும்பம் அறுந்தது.

இப்படி இருக்கிற வீட்டுக்குள், போன மாசம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், அவர் ஜின் பாட்டிலோடு வந்து நின்றார்.

கையில் இருந்த கரண்டியை ஓங்கிவிட்டேன்.

"ஏனுங்க! என்னங்க இது கையில?"

"இரு புள்ள, இரு. குடிக்கறதுக்கு இல்ல. வேலைக்கு."

"வேலைக்கா? எந்த வேலைக்குங்க பாட்டில் கேக்குது?"

அவர் சொன்ன கதை இது. நாங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஓட்டலில்தான் வேலை. பழைய துரை பங்களா ஒன்றை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அவர் அறைகளுக்குச் சாப்பாடு கொண்டு போகிறார். நான் லாண்டரியில் விரிப்பும் துண்டும் துவைக்கிறேன். ஓட்டல் முதலாளி பங்கஜம் அம்மா கோயமுத்தூர்க்காரர். லண்டனில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனவர், அங்கே ஏதோ ஒரு பழைய காலத்துக் கலவையைக் குடித்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஜின், எலுமிச்சை, சர்க்கரை, பச்சை முட்டை, சோடா. பெயர் ஃபிஸ். வெள்ளைக்காரன் நூறு வருஷத்துக்கு முன்னால் குடித்ததாம். நம்முடையதும் வெள்ளைக்காரன் பங்களாதானே, இதையே நம் பாரில் போட்டால் டூரிஸ்டு அள்ளிக்கொண்டு போவான் என்று அம்மாவுக்கு யோசனை.

பாரில் இருந்த பையன் கோவாவில் வேலை கிடைத்து ஓடிவிட்டான். மேனேஜர் பாலசுப்பிரமணியம் இவரைக் கூப்பிட்டு, "ஒச்சப்பா, கை நடுங்காம ட்ரே தூக்கறவன் நீ ஒருத்தன்தான். கத்துக்கோ. அடுத்த வாரம் சனிக்கிழமை அம்மா வர்றாங்க. சரியா வந்துச்சுன்னா பார் உனக்கு" என்று சொல்லி, பாட்டிலைக் கொடுத்து, செல்போனில் ஒரு வீடியோவையும் அனுப்பிவிட்டார். பாரில் சம்பளம் அதிகம். டிப்ஸ் தனி.

"கயிறு கட்டியிருக்கேன்னு சொன்னீங்களா?"

"கயிறு கட்டினவன் குடிக்கத்தான் கூடாது. கலக்கக் கூடாதுன்னு சாமி எங்க சொல்லுச்சு?"

பார்த்தீர்களா, வக்கீல்!

"சரிங்க. கலக்கறீங்க. ருசி யாரு பாக்கறது? முனீஸ்வரனா?"

அவர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"அட கர்மமே!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

சண்டை ராத்திரிச் சாப்பாடு வரை நடந்தது. கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். இப்போது நர்சிங் படிக்கிற மகளுக்கு ஹாஸ்டல் செலவு இருக்கிறது, எனக்கும் சோப்புத் தண்ணீரில் விரல் வெந்து போகிறது. ஆனால் நிபந்தனை போட்டேன். பாட்டில் என் தகரப் பெட்டிக்குள் இருக்கும். சாவி என் தாலிச் சரட்டில் இருக்கும். ஊற்றுகிறவள் நான். அவர் வாசனைகூடப் பிடிக்கக் கூடாது. மஞ்சளைக் குழைத்துப் பாட்டிலில் ஒரு கோடும் போட்டுவைத்தேன். ஜின் தானாகக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே நான் என் தம்பி வீட்டுக்குப் போய்விடுவேன் என்றும் சொன்னேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்து, தேயிலை ஃபேக்டரியில் ஆறரை மணிச் சங்கு ஊதும்போது ஆரம்பித்தோம். தினமும் அதே நேரம்தான். வீடியோவில் வெள்ளைக்காரன் வெள்ளிச் செம்பு மாதிரி ஒன்றில் போட்டுக் குலுக்கினான். எங்களிடம் செம்பு எங்கே இருக்கிறது? மாங்காய் ஊறுகாய் பாட்டில் ஒன்று கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டார். முட்டையை உடைத்து வெள்ளைக்கருவைப் போட்டார். எலுமிச்சை பிழிந்தார், சர்க்கரை போட்டார், நான் மூடியால் அளந்து ஜின் ஊற்றினேன். சோடாவையும் அதிலேயே ஊற்றி, மூடியைத் திருகி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாமி வந்தவர் மாதிரி குலுக்கினார்.

டமார் என்று ஒரு சத்தம். மூடி போய் முருகன் காலண்டரில் அடித்தது. முட்டையும் சோடாவும் சுவர், என் தலை, காயப்போட்டிருந்த யூனிபார்ம் எல்லாவற்றிலும் வழிந்தது.

"சோடாவை கடைசியாத்தான் ஊத்தணுமாட்டம் இருக்குது" என்றார், வீடியோவைத் திரும்பப் பார்த்துவிட்டு.

"முன்னாடியே பாக்க கண்ணு இல்லீங்களா?"

இரண்டாவது தடவை சோடா இல்லாமல் குலுக்கி, டம்ளரில் ஊற்றி, அப்புறம் சோடா விட்டார். வீடியோவில் டம்ளருக்கு மேல் வெண்ணெய் திரண்ட மாதிரி நுரை நின்றது. எங்கள் டம்ளரில் கஞ்சித் தண்ணீர் மாதிரி ஒன்று இருந்தது, அவ்வளவுதான். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தேன். பச்சை முட்டைக் கவிச்சி, அதன் மேல் ஊறுகாய்க் காரம், அதற்கு அடியில் ஆஸ்பத்திரி நாற்றம். ஓடிப்போய் வாசலில் துப்பினேன்.

"எப்படி இருக்குது?"

"நாசமாப் போச்சு! அப்படி இருக்குது!"

"அது சரி. புளிப்பு தூக்கலா, சக்கரை தூக்கலா?"

எனக்கு எப்படித் தெரியும்? ஜென்மத்தில் குடித்தவளா நான்? ஆனால் அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தேயிலைத்தூளைக் கையில் வைத்துத் தரம் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை.

அடுத்த நாள் ஓட்டலில் இருந்து குலுக்குகிற செம்பை வாங்கி வந்தார். அன்றைக்கும் நுரை நிற்கவில்லை. குலுக்கும்போது பொங்குகிறது, டம்ளரில் விழுந்ததும் படுத்துவிடுகிறது. மூன்று முட்டை வீண். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முட்டை விற்கிற விலை என்ன, இவர் உடைக்கிற வேகம் என்ன! "நவுருங்க" என்று அவரைத் தள்ளிவிட்டு நானே முட்டையை உடைத்தேன். மஞ்சள் கருவை விரலில் ஏந்தி வெள்ளையை மட்டும் வழியவிட்டேன். குலுக்கி ஊற்றினால், நுரை டம்ளர் விளிம்பில் ஏறி நின்றது!

இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

"உங்க கையைக் காட்டுங்க" என்றேன். காட்டினார். பளபளவென்று இருந்தது. குளிருக்கு வெடிக்காமல் இருக்கக் காலையும் மாலையும் தேங்காய் எண்ணெய் தடவுகிற கை. அந்தக் கையில்தான் வெள்ளைக்கருவை வழியவிட்டிருக்கிறார். முந்தின நாள் ஊறுகாய் பாட்டிலில் நல்லெண்ணெய். எண்ணெய் பட்டால் முட்டை எப்படி நுரைக்கும்? பாத்திரம் கழுவுகிற எல்லாருக்கும் சோப்பு நுரை எண்ணெயில் படுத்துப்போவது தெரியும். நான் வாய் வலிக்கிற வரைக்கும் திட்டினேன். சீயக்காய் போட்டு முழங்கை வரை கழுவ வைத்தேன்.

நுரை நின்ற பிறகு ருசிப் பஞ்சாயத்து. வெள்ளைக்கரு போட்டால் வெள்ளி ஃபிஸ். மஞ்சள் கரு போட்டால் தங்க ஃபிஸ். முழு முட்டை போட்டால் ராஜா ஃபிஸ். மூன்றும் வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அவர் கலக்குவார், நான் ஒரு வாய் குடிப்பேன், அவர் என் முகத்தைப் பார்ப்பார், சர்க்கரை போடுவார், நான் இன்னொரு வாய் குடிப்பேன். வேலைக்குப் போய்விட்டு வந்து அக்கடா என்று உட்கார வேண்டிய நேரத்தில் இந்த அவஸ்தை.

ருசி பார்த்து முடித்தால் டம்ளரில் மிச்சம் இருக்கும். முதல் நாள் சாக்கடையில் கொட்டினேன். அதற்கப்புறம் மனசு வரவில்லை. முட்டையைப் போய் யாராவது கொட்டுவார்களா? முட்டை உடம்புக்கு நல்லது. எலுமிச்சையும் நல்லது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நானே குடித்துவிட்டேன். அவர் வாயில் அது பட்டுவிடக் கூடாது என்பதும் இருக்கிறதல்லவா? வீட்டில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் தீர்த்துவிடுவதுதான் பாதுகாப்பு.

அடுத்த வாரம் வியாழக்கிழமை லாண்டரியில் சுருட்டிச் சுருட்டிப் போட்டு வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டேன். கூட வேலை செய்கிற வீரம்மா, "என்னக்கா, அஞ்சரைக்கே பறக்கற?" என்றாள். "வீட்டுல தலைவலி காத்திருக்குது" என்றேன். பொய் இல்லை. சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் முடியும், அதற்காகத்தான்.

அவர் வர நேரமாகிவிட்டது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு எரிச்சலான எரிச்சல். வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"எத்தனை நேரமுங்க? உங்களுக்காகவா நான் உக்காந்துட்டு இருக்கறது?"

"ரூம் நம்பர் நாலுல கெஸ்ட்டு விடல புள்ள. ஒரு டீ குடிச்சுட்டு ஆரம்பிக்கட்டுமா?"

"டீயெல்லாம் அப்பறம் குடிக்கலாம். கையைக் கழுவுங்க."

பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்தபோதுதான் பார்த்தேன். நான் தினமும் புதுசாக மஞ்சள் கோடு போட்டுக்கொண்டு வருகிறேன். ஆனால் பாட்டில் பாதிக்கும் கீழே போயிருந்தது. கலக்குவதற்கு மூடி மூடியாக அளந்து ஊற்றுகிறோம். அதற்கு இவ்வளவு எப்படிக் குறையும்? நாலு வருஷம் கட்டிக் காத்தது போச்சு என்று நினைத்தேன்.

"ஏனுங்க, இங்க வாங்க. ஊதுங்க."

"எதுக்கு?"

"ஊதுங்கறேன்!"

போலீஸ்காரர் முன்னால் நிற்கிறவர் மாதிரி ஊதினார். வெற்றிலை வாசனை மட்டும்தான் அடித்தது. கையைத் தூக்கிப் பார்த்தேன். கயிறு என் முடிச்சோடு அப்படியே இருந்தது. கள்ளன், வெற்றிலை போட்டு மறைக்கிறான் என்றுதான் தோன்றியது.

"பெட்டிக்கு வேற சாவி போட்டீங்களா? சொல்லுங்க! இந்த ஜின்னு எங்க போச்சு? குன்னூர் குளிர்ல ஆவியா போச்சா?"

அவர் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டு, வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பதில் சொல்ல வழியில்லாமல் ஓடுகிறார் என்று நினைத்து நான் உள்ளே இருந்தபடியே வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவருடைய அப்பாவையும் விடவில்லை. அப்புறம் அவரே எழுந்து வந்து, கையைச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டு முட்டையை எடுத்தார். நான் குடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் பார்த்தார்.

"புளிக்குதா?"

"இல்லீங்க. நல்லாத்தான் இருக்குது."

"ரெண்டு எலுமிச்சை போட்டிருக்கேன்."

"போட்டா என்னங்க? நல்லாத்தான் இருக்குது."

சனிக்கிழமை மத்தியானம் பங்கஜம் அம்மா வந்தார். நான் லாண்டரியில் இருந்தேன். மனசு பாரில் இருந்தது. இவ்வளவு பாடுபட்டதற்கு வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்று முனீஸ்வரனை வேண்டிக்கொண்டு விரிப்பை மடித்துக்கொண்டிருந்தபோது, மேனேஜரே நேரில் வந்து கூப்பிட்டார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

பார் மேசைக்கு இந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் இவர், வெள்ளைச் சட்டையும் கழுத்தில் போ டையும் போட்டுக்கொண்டு, செம்பைப் பிடித்தபடி. அம்மா முன்னால் வெள்ளி ஃபிஸ். நுரை சும்மா ஜம்மென்று நின்றது.

"வாம்மா பாலாமணி" என்றார் அம்மா. "பாக்க அழகா இருக்குது. வாயில வெச்சா புளிக்குது. டேஸ்ட் பண்ணித்தானே குடுத்தீங்கன்னு கேட்டா, கயிறு கட்டியிருக்கேன்னு கையைக் காட்டறாரு உங்க வீட்டுக்காரரு. பின்ன எப்படி பழகினீங்கன்னு கேட்டா, சம்சாரம் மூஞ்சியப் பாத்துங்கறாரு. நெசமா?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

"எலுமிச்சை ஏறினா இவளுக்கு இடது கண்ணு மூடுமுங்க" என்றார் இவர், அம்மாவிடம். "சக்கரை ஏறினா உதட்டைச் சப்புவா. முட்டை வாடை அடிச்சா மூக்கு சுருங்கும். அதை வெச்சு அளவு பிடிச்சேனுங்க."

"அட! எங்க, நானும் பாக்கறேன்" என்று அம்மா டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

குடித்தேன். "நல்லாத்தானுங்க இருக்குது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொன்று கலக்கினார். சர்க்கரை கூடுதல். அம்மா குடித்துவிட்டு, "இப்பச் சரி!" என்றார். இவர் தங்க ஃபிஸ் போட்டார். அதுவும் சரி. ராஜா ஃபிஸ்ஸுக்கு முழு முட்டையை உடைத்துப் போட்டு, கையே தெரியாத வேகத்தில் குலுக்கி, அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று ஊற்றிவைத்தார். அம்மா ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடித் திறந்தார்.

"லண்டன்ல குடிச்சது இதுகிட்ட நிக்காது! பாலு, திங்கட்கிழமையில இருந்து பார் ஒச்சப்பனுக்கு. பாலாமணி, நீயும் லாண்டரிய விட்டுட்டு சாயங்காலம் பாருக்கு வந்துரு. கெஸ்ட்டு முன்னாடி நீ குடிச்சுப் பாரு, உன் மூஞ்சியப் பாத்து அவரு கலக்கட்டும். டூரிஸ்டு சனம் இதையெல்லாம் போட்டோ எடுத்துத் தள்ளும். சம்பளம் ரெண்டு பேருக்கும் போட்டுத் தர்றேன்."

எனக்குக் காலே தரையில் நிற்கவில்லை. சோப்புத் தண்ணீர் இல்லை, இஸ்திரி சூடு இல்லை, நல்ல புடவை கட்டிக்கொண்டு நிற்கலாம். மகளுக்கு போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கும்பிடக் கையைத் தூக்கினேன்.

"வேணாமுங்கம்மா" என்றார் இவர்.

"என்னது?"

"பார் வேலை வேணாமுங்க. நான் ரூமுக்குச் சாப்பாடு கொண்டு போறதுலயே இருந்துக்கறேன். இதைக் கலக்கறது எப்படின்னு வேணா யாருக்காச்சும் சொல்லித் தர்றேனுங்க."

மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. அம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் என்ன புரிந்தது? இவர் செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கழுத்தில் இருந்ததை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, வெளியே போய்விட்டார்.

வேலை முடிந்து தேயிலைக்கு நடுவில் மேடேறும்போது நான் வாயை மூடவே இல்லை.

"பைத்தியமுங்களா உங்களுக்கு? பத்து நாளா என் உசுரை எடுத்தீங்களே, எதுக்குங்க? முட்டைய உடைச்சு, சுவரை நாசம் பண்ணி, கண்ட கருமத்தையும் என் வாயில ஊத்தி, கடைசியில கைக்கு வந்த வேலைய வேணாமுன்னு சொல்றதுக்கா? பயமா? குடிச்சுப்புடுவோம்னு பயமா உங்களுக்கு? அதுக்குத்தான் நான் இருக்கறேனே, கூடவே நின்னு பாத்துக்க மாட்டேனா?"

அவர் முன்னால் ஏறிக்கொண்டே இருந்தார். எனக்குப் பேசாதவரைக் கண்டால்தான் ஆத்திரம் அதிகமாகும். சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வாயைத் திறங்க!"

நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டார்.

"ருசி பாக்க எத்தனை வேணும் புள்ள?"

"எத்தனைன்னா? ஒரு வாய்."

"ராஜா ஃபிஸ்ஸு ஒரு டம்ளர் உனக்கு வெச்சேன். அந்தம்மா பேசிட்டு இருக்கறப்ப டம்ளர் உன் கையில இருந்துச்சு. வெக்கறப்ப அதுல என்ன இருந்துச்சு?"

யோசித்தேன். நுரை ஒட்டின டம்ளர்தான் நினைவுக்கு வந்தது.

"முட்டையப் போய் வீணாக்கறதாங்க?" என்றேன்.

"நீ முட்டைங்கற. நான் குடிச்சப்ப உடம்பு வலிக்குன்னு சொல்லிட்டு இருந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. "என்னங்க பேசறீங்க? என்னையும் உங்களையும் ஒண்ணா சேக்கறீங்களா?"

"வெள்ளி ஃபிஸ்ஸு எதுக்குப் புளிச்சுது தெரியுமா? உன் மூஞ்சிய வெச்சு அளவு பிடிச்சேன். வியாழக்கிழமையில இருந்து உன் மூஞ்சி சுருங்கவே இல்ல. கண்ணு மூடல. ரெண்டு எலுமிச்சை போட்டாலும் நல்லாத்தான் இருக்குதுங்கற. அப்பறம் நான் என்னத்தைப் பாத்து அளக்கறது?"

"பாட்டில்ல குறைஞ்சதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"சாவி உன் தாலியில இருந்துச்சு" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். "நீதான் ஊத்தின. முதல் நாளு ஒரு மூடி. அப்பறம் மூடி நிறைஞ்சு வழியற அளவுக்கு. அப்பறம் மூடியே இல்ல, அப்படியே சாய்ச்ச. நீ பாக்கல. நான் பாத்தேன்."

அவரை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. அறைவதற்கு அவர் ஒன்றும் பொய் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அந்த வியாழக்கிழமை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேனே, அது என்ன நடை என்று இப்போது தெரிந்தது. அதே நடையை இவர் நடந்து நான் பார்த்திருக்கிறேன். அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கத்தினேன்.

"தெரிஞ்சும் எதுக்குங்க சொல்லல? என்னைத் திட்டவிட்டு வேடிக்கை பாத்தீங்களா?"

"சொன்னா கேட்டிருப்பியா? நீ சொன்னப்ப நான் கேட்டேனா?"

தேயிலைக்கு மேல் மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறரை மணிச் சங்கு ஃபேக்டரியில் ஊதியது. எனக்கு வாய் ஊறியது. அந்தச் சனியன் பிடித்த சங்குக்கு என் வாய் ஊறியது! முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டேன்.

அவர் வீட்டுக்குத் திரும்புகிற பாதையில் திரும்பவில்லை. மேலே ஏறினார். நானும் ஏறினேன். முனீஸ்வரன் கோயிலில் பூசாரி காளிமுத்து விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்னப்பா ஒச்சப்பா, உன் கயிறு இன்னும் நல்லாத்தானே இருக்குது? தை மாசம் மாத்திக்கலாமே."

"எனக்கு இல்லீங்க."

பூசாரி எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். எந்த ஆம்பளையை இழுத்து வந்திருக்கிறோம் என்று தேடினார். யாரும் இல்லை. அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"என்னங்க பாக்கறீங்க?" என்று பூசாரி மேல் எரிந்து விழுந்தேன். "பொம்பளைக்குக் கட்டினா உங்க சாமி கோவிச்சுக்குமா? கற்பூரத்தைக் கொளுத்துங்க."

கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் பண்ணினேன். கை சுட்டது. பூசாரி சிவப்புக் கயிற்றை எடுத்து, என் வளையல்களை மேலே தள்ளிவிட்டு மணிக்கட்டில் கட்டினார். தளர்வாகத்தான் கட்டினார், பொம்பளைக் கை என்று.

என் வீட்டுக்காரர் குனிந்து என் கையைப் பிடித்தார். பூசாரி போட்ட முடிச்சுக்கு மேல் ஒரு முடிச்சு போட்டார். அதற்கு மேல் இன்னொன்று. பல்லால் கடித்து இறுக்கினார்.

"வலிக்குதுங்க" என்றேன்.

"வலிக்கட்டும் புள்ள" என்றார்.